வாலாட்டினால் விடாதீர்கள்

ரிமோட் ஹெலிகாப்டர் பழகத் தொடங்கும் எவரையும் முதலில் கலங்கடிப்பது அதன் வால்தான். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மருந்து பெரும்பாலும் மலிவானது.

பெங்களூரானாலும் புனேயானாலும் ஹைதராபாதானாலும் காட்சி ஒன்றுதான். நகரம் முடிந்து வீட்டுமனைக் கற்கள் தொடங்கும் பொட்டலில், ஞாயிறு விடிகாலையில் நாலைந்து ஸ்கூட்டர்களும் ஒரு காரும் வந்து நிற்கின்றன. டிக்கியிலிருந்து இறங்குவது கிரிக்கெட் மட்டை அல்ல. முக்கால் கிலோ எடையுள்ள ஹெலிகாப்டர். மோட்டார் சீறுகிறது. புல் படுத்துக்கொள்கிறது. இயந்திரம் இடுப்பளவு உயரம் எழும்புகிறது. உடனே ஆரம்பமாகிறது ஆட்டம். இடது, வலது, இடது, வலது என்று எஜமானனைக் கண்ட நாயைப் போல ஹெலிகாப்டர் வாலை ஆட்டுகிறது. புதியவர் பதறிப்போய்க் கீழே இறக்குகிறார். பக்கத்தில் நிற்பவர் தீர்ப்பு வழங்குகிறார்: "கைரோவைக் குறைங்க சார்."

பல சமயம் தீர்ப்பு சரி. ஆனால் அது தவறாக இருக்கும் சமயங்களில்தான் ஆபத்து. கைரோவைக் குறைத்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆட்டத்துக்குக் காரணமான தேய்ந்த பேரிங் அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோ, அது நடுவானில் கணக்குத் தீர்க்கும்.

இது பொம்மைதானே என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கற்பவர்கள் பலர் முதலில் வாங்கும் '450' வகுப்பு ஹெலிகாப்டரில் மேல் விசிறியின் குறுக்களவு சுமார் 70 செ.மீ. அது நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளுக்கு மேல் சுற்றுகிறது. பிளேடின் நுனி மணிக்கு 300 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில் 19 வயது இளைஞர் தான் ஓட்டிய ரிமோட் ஹெலிகாப்டர் தாக்கி இறந்தார். அது இதைவிடப் பெரிய ரகம். அவர் அனுபவசாலியும்கூட. எனவே, ஆடும் வாலை அலட்சியப்படுத்துவதற்கில்லை.

வாலுக்கு என்ன வேலை?

மேல் விசிறியை மோட்டார் ஒரு பக்கம் சுழற்றினால், உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். எந்த விசைக்கும் எதிர்விசை உண்டு என்ற நியூட்டன் விதி. பெரும்பாலான ரிமோட் ஹெலிகாப்டர்களின் விசிறி, மேலிருந்து பார்த்தால், நம் விமானப் படையின் பழைய சேத்தக்கைப் போலவே கடிகாரச் சுற்றாகச் சுற்றுகிறது. ஆகவே மூக்கு இடது பக்கம் திரும்பத் துடிக்கும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் வால் விசிறியின் முழு நேர உத்தியோகம்.

இந்த ஏற்பாடு சுலபத்தில் கிடைத்ததல்ல. இகோர் சிகோர்ஸ்கி தன் விஎஸ்-300 ஹெலிகாப்டரை 1939 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் கயிறுகளால் கட்டிய நிலையில் முதன்முதலாகத் தரையிலிருந்து எழுப்பினார். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அதன் வாலில் மூன்று விசிறிகள் இருந்தன. கடைசியில் மேலே ஒன்று, வாலில் ஒன்று என்று முடிவானது. இன்று உலகத்தின் பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் அந்த வழிதான்.

வாலே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நம் கடற்படையின் ரஷ்யத் தயாரிப்பான கமோவ் ஹெலிகாப்டர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றி ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. கடைகளில் குழந்தைகளுக்கு விற்கும் சின்ன ஹெலிகாப்டர்கள் பலவும் இதே தத்துவம்தான். அதனால்தான் அவை வாலாட்டுவதில்லை. அதில் பழகிவிட்டு, 'நமக்குத்தான் வந்துவிட்டதே' என்று நிஜ வால் உள்ள இயந்திரத்துக்கு மாறுகிறவர்கள்தான் முதல் நாளே திகைத்துப் போகிறார்கள்.

பெரிய ஹெலிகாப்டர்களிலும் வால் விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல. 2005 நவம்பரில் நம் துருவ் ஹெலிகாப்டர் ஒன்று விபத்துக்குள்ளானபோது, கோளாறு வால் விசிறியில்தான் என்று தெரியவந்தது. மற்ற துருவ்களும் பறப்பதை நிறுத்திவைத்துப் பரிசோதிக்கப்பட்டன. ஆட்டத்தை மறைப்பது வேறு, காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டுநர்

ரிமோட் ஹெலிகாப்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் என்று ஜெர்மானியர் டீட்டர் ஷ்லூட்டரைச் சொல்கிறார்கள். 1960களின் கடைசியில் அவர் பறக்கவிட்டபோது வாலைக் கட்டுப்படுத்தியது அவருடைய கட்டைவிரல் மட்டுமே. காற்று அடித்தாலும், மோட்டார் வேகம் மாறினாலும் வால் நகரும். விரல் உடனே ஈடுகட்ட வேண்டும். 1980களில் சின்ன மோட்டாரால் சுழலும் சக்கரங்களைக் கொண்ட கைரோ பரவலாயிற்று. 1990களில் சுழலும் பாகமே இல்லாத கைரோ வந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வந்தது திசையை நினைவில் வைத்துக்கொள்ளும் கைரோ. முந்தைய ரகம் வால் திரும்புவதை எதிர்க்கும்; அவ்வளவுதான். புதிய ரகமோ, திரும்பிய வாலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தும். இப்போது நகம் அளவு சில்லில் மூன்று கைரோக்கள் அடங்கிவிடுகின்றன.

கைரோ செய்வது எளிய வேலை. வால் நகர்ந்ததா என்று பார்க்கிறது. நகர்ந்தால் செர்வோ மோட்டாருக்குச் சொல்கிறது. செர்வோ ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கம்பி வால் பிளேடுகளின் சாய்வை மாற்றுகிறது. வால் திரும்பி வருகிறது. இந்தச் சங்கிலியில் எங்கே தாமதம் ஏற்பட்டாலும் ஆட்டம் பிறக்கும். புதிதாக சைக்கிள் பழகுகிறவனைக் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். வண்டி இடது பக்கம் சாய்கிறது. அவன் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் அதிகமாக வலது பக்கம் திருப்புகிறான். உடனே வலது பக்கம் சாய்கிறது. பாம்பு போல நெளிந்துகொண்டே போகிறான். ஆடும் வாலும் அப்படித்தான். திருத்தம் அளவுக்கு மிஞ்சினாலும் ஆடும்; நேரம் தவறி வந்தாலும் ஆடும்.

ஆட்டத்தின் ஜாதகம்

வைத்தியர் நாடி பார்ப்பது போல முதலில் ஆட்டத்தின் ரகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை எடுப்பது பிறகு.

வேகமான, சீரான படபடப்பு: வால் விறுவிறுவென ஒரே தாளத்தில் துடிக்கிறது, விசிறி வேகம் கூடினாலோ முன்னோக்கிப் பறந்தாலோ அதிகமாகிறது. கைரோவின் 'கெய்ன்', அதாவது எவ்வளவு ஆவேசமாகத் திருத்துவது என்ற அளவு, கூடுதலாக இருக்கிறது. பக்கத்தில் நின்றவரின் தீர்ப்பு இந்த ஒரு ரகத்துக்குத்தான் நேராகப் பொருந்தும்.

மெதுவான, சோம்பலான அலைவு: வால் ஒரு பக்கம் போய், யோசித்து, திரும்பி வருகிறது. கெய்ன் குறைவு; அல்லது கம்பி எங்கோ இறுக்கமாகச் சிக்குகிறது; அல்லது இணைப்புகளில் தொளதொளப்பு.

தாளமற்ற வெட்டு: நன்றாக நின்றுகொண்டிருந்த வால் திடீரென்று ஒரு பக்கம் வெட்டுகிறது. தொய்ந்த பெல்ட் பல் தாவியிருக்கலாம். பெல்ட் உராய்ந்து உண்டாகும் நிலைமின்சாரம் மின்னணுவைக் குழப்பலாம். கைரோவுக்கும் செர்வோவுக்கும் போகும் மின் அழுத்தம் நொடிப்பொழுது இறங்கலாம்.

ஒரே பக்கம் நழுவுதல்: இது ஆட்டமே அல்ல. நடுநிலை சரியாக அமையவில்லை. அல்லது பேட்டரியைச் செருகியதும் கைரோ தன்னைத் தயார்செய்துகொள்ளும் சில நொடிகளில் இயந்திரத்தை அசைத்துவிட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. புதியவர்கள் பயத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். அந்த உயரத்தில் விசிறி தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி வந்து இயந்திரத்தையே தள்ளாட வைக்கும். பழகுவதற்காகக் காலில் கட்டிய நீண்ட குச்சிகள் புல்லில் பட்டாலும் வால் துள்ளும். காற்றில்லாத நேரத்தில், ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்திப் பார்த்த பிறகே வாலைக் குற்றம் சொல்லலாம்.

முதலில் கை, பிறகு கருவி

இயந்திரப் பகுதியை முடித்த பிறகே மின்னணுவைத் தொடுவது என்பதுதான் இந்தத் துறையின் பொன்விதி. பேட்டரியைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும்.

முதல் சோதனை, கம்பி. செர்வோவிலிருந்து வாலுக்குப் போகும் கம்பியைச் செர்வோ முனையில் கழற்றி, விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் கத்தி போல நகர வேண்டும். ஹெலிகாப்டரைச் செங்குத்தாகப் பிடித்தால் கம்பியும் வாலின் நகரும் வளையமும் தம் எடையாலேயே சரிய வேண்டும். சரியவில்லையா? கம்பியைத் தாங்கும் வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். பந்து இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் சற்றுத் தளர்த்தலாம். வால் அச்சில் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்து ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடலாம். புதியவர்களின் வாலாட்டத்தில் பெரும்பகுதி இந்த ஒரே சோதனையில் அகப்பட்டுவிடும். செலவு, ஒரு சொட்டு எண்ணெய்.

இரண்டாவது, தொளதொளப்பு. வால் பிளேடு பிடியை இரு விரலால் பிடித்து மெல்ல அசைக்க வேண்டும். மயிரிழை அசைவு பரவாயில்லை. 'கடக் கடக்' என்றால் பேரிங்கோ பந்து இணைப்போ தேய்ந்துவிட்டது. கைரோ சொல்லும் சின்னத் திருத்தங்கள் இந்த இடைவெளியிலேயே கரைந்துவிடும். தேய்ந்ததை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, பெல்ட். வால் விசிறி மேல் விசிறியைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளைத் தாண்டிச் சுற்றுகிறது. பெல்ட் தொய்ந்தால் பல் தாவும். மிக இறுக்கினால் பேரிங்கைத் தின்னும், மோட்டாரையும் திணறடிக்கும். விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கி எழ வேண்டும். இரு பக்கமும் தொட்டுக்கொள்ளக் கூடாது.

நான்காவது, அதிர்வு. கைரோ நடுக்கத்தையும் திருப்பத்தையும் குழப்பிக்கொள்ளும். நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. எல்லாப் பிளேடுகளையும் கழற்றிவிட்டு, இயந்திரத்தை நன்றாக இறுத்திவைத்து, பாதி வேகத்தில் ஓட்டி வாலின் செங்குத்துத் தகட்டைப் பார்க்க வேண்டும். தகடு மங்கலாக இரட்டையாய்த் தெரிந்தால் அச்சோ பேரிங்கோ குற்றவாளி. தெளிவாகத் தெரிந்தால் வால் பிளேடுகளை மட்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். இப்போது நடுங்கினால் அந்தப் பிளேடுகளின் எடை ஒத்துப்போகவில்லை. எடை குறைந்ததன்மேல் சிறு டேப் துண்டு ஒட்டிச் சரிசெய்யலாம். அப்போதும் தெளிவென்றால் மேல் பிளேடுகளையோ, விழுந்தபோது வளைந்த தலை அச்சையோ சந்தேகிக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத வளைவுகூடக் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் தள்ளாட்டத்தில் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கட்டத்திலும் வால் விசிறி சுற்றும் தளத்துக்கு நேராக முகத்தை வைக்கக் கூடாது.

பிளேடு திருகையும் பார்க்க வேண்டும். வால் பிளேடுகள் தாமாகத் தொங்கவும் கூடாது, முறுக்கிப்போட்டதுபோல் நிற்கவும் கூடாது. விரலால் தட்டினால் மடங்க வேண்டும். அப்போதுதான் சுற்றும்போது அவை தாமே நேர்கோட்டுக்கு வரும்.

ஐந்தாவது, மோட்டார் வேகம். மேல் விசிறியின் வேகம் கூடிக் குறைந்தால் எதிர்விசையும் கூடிக் குறையும். வால் அதற்கேற்ப ஆடும். இங்கே குற்றம் வாலில் இல்லை. மோட்டார் பல்சக்கரம் சறுக்குகிறதா, ஒருவழிப் பேரிங் வழுக்குகிறதா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தானே தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி இறங்க இறங்க ஆட்டம் கூடினால் சந்தேகம் இந்தப் பக்கம்தான்.

இனி கைரோவின் முறை

இயந்திரம் சுத்தம் என்று தெரிந்த பிறகே கைரோவுக்கு வர வேண்டும். முதலில் அது தலைமைச் சட்டத்தில் உறுதியாக, அதற்குரிய மெத்தை டேப்பால் ஒட்டப்பட்டிருக்கிறதா? வயர்கள் முறுக்கி இழுக்காமல் இருக்கின்றனவா?

அடுத்தது திசை. மோட்டார் ஓடாமல் மின்சாரம் மட்டும் கொடுத்து, மூக்கைக் கையால் இடது பக்கம் வெட்டித் திருப்பினால், வலது பக்கம் போகச் சொல்லும்போது செர்வோ எந்தப் பக்கம் நகருமோ அந்தப் பக்கமே நகர வேண்டும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால், எழும்பிய மறுகணம் பம்பரம்தான். அதை எந்த விரலாலும் நிறுத்த முடியாது. இந்தச் சோதனைக்குப் பத்து வினாடி போதும்.

பிறகு நடுநிலை. திசை நினைவை அணைத்து, கைரோவைப் பழைய ரகமாக வேலைசெய்ய வைத்து, செர்வோவின் கை கம்பிக்குச் செங்குத்தாக நிற்க, ஹெலிகாப்டரைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். வால் நழுவினால் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்ய வேண்டும்; கையிலுள்ள டிரிம் பொத்தானால் அல்ல. நழுவாமல் நின்ற பிறகே திசை நினைவை இயக்கலாம்.

கடைசியாக கெய்ன். ஆடும்வரை சிறிது சிறிதாகக் கூட்டி, ஆடத் தொடங்கியதும் நாலைந்து சதவீதம் குறைத்து நிறுத்துவதே முறை. வேகமாகப் பறக்கும்போது ஆட்டம் எளிதில் கிளம்பும் என்பதால் அதற்குத் தனி அளவு வைத்துக்கொள்வது நல்லது. இங்கே ஒரு குழி இருக்கிறது. சில டிரான்ஸ்மிட்டர்களில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்; சிலவற்றில் 50தான் பூஜ்யம். நண்பர் சொன்ன எண்ணை அப்படியே போட்டுக்கொண்டால் பலன் தலைகீழாகலாம். மிகக் குறைந்த கெய்னிலும் படபடப்பு அடங்கவில்லையானால் செர்வோ கையில் கம்பி மாட்டிய பந்தை ஒரு துளை உள்ளே மாற்றிப் பார்க்கலாம். வெளித்துளை ஒவ்வொரு அசைவையும் பெருக்கிக் காட்டும்.

செர்வோவே மந்தமாக இருந்தால் என்ன செய்தாலும் பயனில்லை. வாலுக்கென்றே செய்த வேகமான டிஜிட்டல் செர்வோ இருக்கிறது. ஆனால் டிஜிட்டல் செர்வோவுக்கான வேகத்தைக் கைரோவில் தேர்ந்தெடுத்துவிட்டு சாதா செர்வோவை மாட்டினால், அது சில நிமிடங்களில் புகைந்துவிடலாம்.

வாலில் குட்டி மோட்டார்

சில மலிவான ஆரம்ப ரகங்களில் பெல்ட்டும் இல்லை, சாயும் பிளேடும் இல்லை. வால் நுனியில் தனியாக ஒரு குட்டி மோட்டார். வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் திருத்தம் நடக்கும். மோட்டார் வேகம் பிடிக்கவும் இறங்கவும் நேரம் எடுப்பதால் கொஞ்சம் ஆட்டம் அதன் பிறவிக் குணம். முழுவதும் போகாது. ஆனால் நாளுக்கு நாள் ஆட்டம் கூடினால் மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். மோட்டாரை மாற்றுவதே வைத்தியம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரண்டு சின்னத் திருகுகள் இருந்தால், ஒன்று கைரோவின் கெய்ன். மற்றது மேல் மோட்டாருக்கு ஏற்ப வால் மோட்டார் எவ்வளவு ஓட வேண்டும் என்ற விகிதம். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால் எது எதைச் செய்தது என்றே தெரியாது. ஒரு தடவை ஒன்று. அதுவும் கால் சுற்றுக்குமேல் கூடாது.

உதிரிபாகங்களுக்கு டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு ஆகியவற்றில் அலையும் பழக்கம் இந்தக் கூட்டத்துக்கு உண்டு. டேப், வயர், செர்வோ எல்லாம் அங்கே கிடைக்கும். சின்ன பேரிங்குகளை அளவு சொல்லி பேரிங் கடைகளிலேயே கேட்டு வாங்கலாம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தபோதும் உதிரிபாகங்களை விட்டுவைத்தது. இருக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்திருப்பதன் மதிப்பு கூடியிருக்கிறது.

இடமும் முக்கியம். 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகக் கண்ணெதிரே பறக்கவிடும் 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே வேண்டுமானாலும் பறக்கவிட முடியாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்தைப் பிரித்திருக்கிறார்கள். பொட்டலுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சோதனை ஓட்டத்தின்போது குழந்தைகளும் வேடிக்கை பார்ப்பவர்களும் முதுகுக்குப் பின்னால், நல்ல தூரத்தில் நிற்க வேண்டும். ஆடும் வால் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் கூடவே இருந்தால் போதும். என்ன மாற்றினோம், வால் என்ன செய்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இந்த ஒழுக்கம் பழகிய பள்ளி மாணவன் நாளை எந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாலும் குருட்டாம்போக்கில் திருகைத் திருப்ப மாட்டான். ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுவதைவிட இது பெரிய லாபம்.

நாய் வாலைத்தான் நிமிர்த்த முடியாது என்பார்கள். இந்த வாலை நிமிர்த்திவிடலாம். ஒரு சொட்டு எண்ணெயும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். இரண்டில் எண்ணெய் கடையில் கிடைக்கும்.